கனவும் நனவும் தீட்டிய ஓவியர்

ஓவியம் கண்ணுக்கு விருந்து, கருத்துக்கும் விருந்து. மலையையும் கடலையும் மலரையும் எழுதி நம்மை மகிழ்விக்கும் ஓவியர் பலர். மன்னர்களின் பொலிவையும் மங்கையரின் எழிலையும் தீட்டிப் புகழ் பெற்றோரும் பலர். உறங்கும்போது மனிதன் காணும் கனவையும், விழித்திருக்கும்போது அவன் செய்யும் செயலையும், அச்செயலுக்குள் மறைந்து நிற்கும் மனத்தையும் எழுதிக் காட்டியவர் சிலரே ஆவர். இக்காலத்தில் பெருநகரங்களில் நடைபெறும் ஓவியக் காட்சிகளுக்குச் செல்வோர், கனவு, அன்றாட வாழ்க்கை, மனித நடத்தை ஆகிய மூன்றும் பற்பல வகையாகத் தீட்டப்பெற்றிருப்பதைக் காண்பர். இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இம் மூன்றனையும் ஓவியத்திற்கு உரிய பொருள்களாகக் கொண்டு, அதன் பொருட்டு இழப்பும் இன்னலும் ஏற்ற பெரியார் ஒருவர் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் பிரான்சிஸ்கோ கோயா.

இளமை

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் அரகோன் என்னும் நிலம் உள்ளது. மழை அருகிய வறண்ட பகுதி அது. அங்குள்ள புவெந்தெதோதோஸ் என்னும் சிற்றூரில் 1746-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் கோயா பிறந்தார். தந்தையார் ஹோசே, பொன்முலாம் பூசும் தொழிலில் வல்லவர். தாயார் கிராசியா, பழம்பெருமை வாய்ந்த குடியில் பிறந்தவர். குடிப்பெருமை இருந்ததேயன்றி வீட்டில் செல்வம் இல்லை. குடும்பம் அருகிலிருந்த சரகோசா நகரத்தில் வாழ்ந்தது. அந்நகரில் சமயத் துறவியர் நடத்திய பள்ளியில் கோயா கல்வி கற்றார். அங்கே மார்ட்டின் சப்பாட்டெர் என்பவருடைய நட்பு அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் கோயா தம் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை இன்றும் காக்கப்பெற்று வருகின்றன. ஓவியரின் உள்ளத்தை உணர்வதற்கு அவை பெருந்துணை புரிகின்றன.

ஏறத்தாழப் பதினான்கு வயதில் கோயா, லூசான் என்னும் ஓவியரிடம் மாணவராய்ச் சேர்ந்தார். முன்னோர் செய்த அச்சுப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைவதே அங்குப் பெரும்பாலும் பயிற்சியாக இருந்தது. கை பழகியது, ஆவலும் வளர்ந்தது. தலைநகராகிய மாட்ரிட்டில் அரசர் நிறுவிய கலைக்கழகம் ஒன்று இருந்தது. அங்கு இடம்பெற விரும்பிய கோயா 1763-ஆம் ஆண்டிலும், மீண்டும் 1766-ஆம் ஆண்டிலும் அக்கழகத்தின் போட்டிகளில் கலந்துகொண்டார். இருமுறையும் தோல்வியே கிட்டியது. ஆயினும், அவர் தூரிகையைக் கீழே வைத்தாரல்லர். அக்காலத்தில் ஓவியக் கலையின் தாயகமாக விளங்கியது இத்தாலி. கழகத்தின் உதவி கிடையாமையால், தம் பொருளையே செலவிட்டு அந்நாட்டிற்குச் சென்றார். பார்மா நகரத்துக் கலைக்கழகம் 1771-ஆம் ஆண்டில் நடத்திய போட்டிக்கு, அன்னிபால் என்னும் படைத்தலைவன் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் காட்சியை வரைந்து அனுப்பினார். முதற் பரிசு பிறர்க்குச் சென்றது. நடுவர்களின் பாராட்டு கோயாவுக்குக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே அவர் சரகோசாவுக்குத் திரும்பினார். அந்நகரத்துப் பெருங்கோயிலின் மேல்விதானத்தில் ஓவியம் தீட்டும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. 1773-ஆம் ஆண்டில் ஹோசேபா என்னும் நங்கையை மணந்தார். அவர்களுக்கு மக்கள் பலர் பிறந்தும், ஹாவியெர் என்னும் ஒரு மகனே வளர்ந்து ஆளானான்.

கம்பளச் சித்திரங்கள்

ஹோசேபாவின் தமையனார் பிரான்சிஸ்கோ பாயேயு என்பவர் அரசவையில் செல்வாக்குள்ள ஓவியர். இவ்வுறவின் துணையால் கோயாவுக்கு 1775-ஆம் ஆண்டு முதல் மாட்ரிட்டில் வேலை கிடைத்தது. அவ்வேலை யாது? ஸ்பெயின் நாட்டு அரண்மனைகளின் கற்சுவர்கள் குளிர்காலத்தில் மிகவும் குளிர்ந்துவிடும். அக்குளிரைத் தடுக்கவும் அறைக்கு அழகூட்டவும் சித்திரக் கம்பளங்களை நெய்து சுவர்களில் தொங்கவிடுவது வழக்கம். நெசவாளர் பார்த்து நெய்வதற்குக் கம்பளத்தின் அளவிலேயே வண்ண ஓவியம் ஒன்று வேண்டும். அரசரின் கம்பளத் தொழிற்சாலைக்கு அத்தகைய மாதிரி ஓவியங்களைத் தீட்டித் தருவதே கோயாவின் பணி. 1792-ஆம் ஆண்டு வரை அவர் ஏறத்தாழ அறுபது ஓவியங்களை வரைந்து தந்தார்.

இவ்வோவியங்களில் தேவரும் அசுரரும் தோன்றவில்லை. மாட்ரிட் நகரத்து மக்களே தோன்றினர். இளைஞர் பட்டம் விடுகின்றனர். இளைஞரும் மங்கையரும் கைகோத்து வட்டமாக நின்று கண்ணைக் கட்டி விளையாடுகின்றனர். வணிகன் ஒருவன் பீங்கான் கலங்களைத் தரையில் பரப்பி விற்கின்றான். ஆற்றங்கரையில் பெண்கள் துணி வெளுக்கின்றனர். நான்கு பெண்கள் வைக்கோற் பொம்மை ஒன்றைப் போர்வையில் இட்டு மேலே தூக்கி எறிந்து சிரிக்கின்றனர். இவ்வாறு தெருவிலும் திடலிலும் நாள்தோறும் நிகழ்ந்தவை அரண்மனைச் சுவர்களில் ஏறின.

மகிழ்ச்சியை மட்டுமே கோயா வரைந்தார் என்று கருதுதல் கூடாது. பனிக்காற்றில் குனிந்து செல்லும் வழிப்போக்கரையும், குளிரில் நடுங்கியபடி நீர் எடுக்கச் செல்லும் ஏழைத் தாயையும் அவர் மறக்கவில்லை. கட்டட வேலையில் அடிபட்ட கொத்தனார் ஒருவரை அவர்தம் தோழர் இருவர் தூக்கிச் செல்லும் ஓவியம் குறிப்பிடத்தக்கது. இதே அமைப்பில் சிறிய படம் ஒன்றும் உள்ளது. அதில் தூக்கிச் செல்வோர் முகத்தில் சிரிப்புக் காணப்படுகின்றது. தூக்கப்படுபவன் குடித்து மயங்கியவன். பெரிய படத்தில் சிரிப்பு மறைந்து துயரம் நிற்கின்றது. உருவங்களின் நிலை மாறவில்லை. முகம் மட்டுமே மாறியது. அம்மாற்றத்தால் கேலிக்குரிய காட்சி இரக்கத்துக்குரிய காட்சியாகிவிட்டது. மனித முகத்தின் ஒரு சிறு மாறுதல் எத்துணைப் பொருளை உணர்த்தும் என்பதைக் கோயா இவ்வாறு நன்கு அறிந்திருந்தார்.

கம்பளம் நெய்து முடிந்த பின் மாதிரி ஓவியத்திற்கு வேலை இல்லை. ஆதலின், கோயாவின் ஓவியங்கள் சுருட்டிக் கட்டப்பெற்று நெடுங்காலம் கிடங்கில் கிடந்தன. ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்த பின்னரே அவை மாட்ரிட்டில் உள்ள பிராடோ காட்சிச்சாலையை அடைந்து மக்கள் காணும் பேறு பெற்றன.

உயர்வும் துயரும்

கோயாவின் புகழ் படிப்படியாக வளர்ந்தது. இருமுறை அவரை ஏற்க மறுத்த கலைக்கழகம் 1780-ஆம் ஆண்டில் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1786-ஆம் ஆண்டில் அரசரின் ஓவியராகவும், 1789-ஆம் ஆண்டில் அரசவை ஓவியராகவும் உயர்ந்தார். பிரபுக்களும் அமைச்சரும் தம் உருவத்தை வரையுமாறு அவரை நாடினர். வறிய குடியில் பிறந்தவர் வளமான வாழ்வை எய்தினார்.

அந்நிலையில், 1792-ஆம் ஆண்டின் இறுதியில், தென்பகுதிக்குச் சென்றிருந்த கோயாவைக் கொடிய நோய் ஒன்று பற்றியது. தலை சுழன்றது, காதில் ஓயாத இரைச்சல் எழுந்தது, கண் மங்கியது, நிற்கவும் இயலவில்லை. காதிஸ் நகரத்து நண்பர் ஒருவர் இல்லத்தில் பல திங்கள் படுத்திருந்தார். உயிர் பிழைத்தது; கண்பார்வையும் மீண்டது. ஆனால், செவிகள் இரண்டும் அடியோடு கேளாமற் போயின. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. அதன்பின் அவர் வாழ்ந்த முப்பத்தைந்து ஆண்டுகளிலும் மனைவியின் குரலையோ மகனின் சிரிப்பையோ அவர் கேட்டதில்லை.

செவி அடைந்ததால் அவர் சிந்தை அடையவில்லை. விரல்களின் அசைவால் எழுத்துகளை உணர்த்தும் முறையைக் கற்றுக்கொண்டார். பேச்சைக் கேட்க இயலாதவர் பேசுவோரின் முகத்தையும் கையையும் கூர்ந்து நோக்கலானார். முன்னர்ப் பிறர் வேண்டியவற்றை வரைந்தார். இப்போது தம் மனம் வேண்டியவற்றையும் வரையத் தொடங்கினார். சிறு தகரத் தகடுகளில் சில ஓவியங்களைத் தீட்டி 1794-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கலைக்கழகத்தாரின் பார்வைக்கு அனுப்பினார். பிறர் கட்டளைக்கு வரையும் ஓவியங்களில் கற்பனைக்கும் தாமே கண்டறிவதற்கும் இடம் இல்லை என்றும், அவ்விடம் வேண்டியே இவற்றை வரைந்ததாகவும் கழகத்தின் தலைவர் ஒருவருக்கு எழுதினார். நள்ளிரவில் எழுந்த தீ, கப்பல் உடைந்து கரையேறியோர், பித்தர் அடைக்கப்பெற்ற முற்றம் ஆகியன அவற்றின் பொருள்கள். பித்தர் முற்றத்தைத் தாம் சரகோசாவில் நேரிற் கண்டதாகவும் அவர் குறித்துள்ளார். உயர்ந்த சுவர்களுக்கு இடையே, ஆடையின்றிப் போரிடும் இருவரையும், அவர்களை அடிக்கும் காவலனையும், செய்வதறியாது நிற்கும் பிறரையும் அப்படத்திற் காண்கின்றோம். நோயாளரைக் குற்றவாளிகளைப்போல் நடத்திய அக்காலக் கொடுமையை அது காட்டுகின்றது.

கனவுகள்

1797-ஆம் ஆண்டளவில் கோயா ஒரு புதிய முயற்சியில் ஈடுபட்டார். கனவுகள் என்னும் பெயரில் பல படங்களை மைக்கோட்டில் வரைந்தார். கனவு என்று பெயரிட்டதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் சமய விசாரணை மன்றம் ஒன்று ஸ்பெயினில் இருந்தது. சமயத்திற்கு மாறானவை என்று அது கருதிய நூல்களும் படங்களும் தடுக்கப்பெற்றன. அவற்றை ஆக்கியோர் ஒறுக்கப்பெற்றனர். உலகத்தாரின் குறைகளைத் தாம் கனவிற் கண்டதாகக் கூறி எள்ளி எழுதும் வழியைக் கெவெதோ என்னும் ஸ்பானிய எழுத்தாளர் முன்னரே காட்டியிருந்தார். கோயாவும் அவ்வழியைப் பின்பற்ற எண்ணினார். பின்னர் அப்பெயரை மாற்றி, மனம் போன போக்கில் எழுந்த கற்பனைகள் என்று பொருள்படும் காப்ரிச்சோஸ் என்னும் பெயரை இட்டார். எண்பது படங்கள் கொண்ட தொகுதியாக அது அமைந்தது.

இப்படங்கள் செப்புத் தகட்டினின்று அச்சிடப்பெற்றவை. தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு இட்டு, ஊசியால் அதனைக் கீறி ஓவியம் வரைவர். பின்னர்த் தகட்டை அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பை அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் மை தங்கும். ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். கோடுகளை மட்டுமே தரும் இம்முறையோடு வேறொரு முறையையும் கோயா சேர்த்துக்கொண்டார். பிசினின் நுண்பொடியைத் தகட்டின்மேல் தூவிச் சூடேற்றுவர். பொடி ஒட்டிக்கொண்ட துகள்களுக்கு இடையே அமிலம் அரிப்பதால், சாம்பல் முதல் கரி வரை பலவகை நிழல்கள் கிடைக்கும். இரவின் இருளையும் கனவின் மங்கலையும் காட்டுதற்கு இந்நிழல்கள் பெரிதும் உதவின.

இத்தொகுதியில் கோயா எவற்றைச் சாடினார்? மூடநம்பிக்கையைச் சாடினார், போலிப் பெருமையைச் சாடினார், பேராசையைச் சாடினார். கழுதை ஒன்று உடையணிந்து அமர்ந்து தன் குலமுறை கூறும் நூலைத் திறந்து காட்டுகின்றது; அந்நூலின் பக்கம் முழுவதும் கழுதைகளின் உருவங்களே நிறைந்துள்ளன. பிறப்பை மட்டுமே பெருமையாகப் பேசுவோர்க்கு இதைவிடத் தக்க பாடம் வேறு யாது? மற்றொரு படத்தில் கழுதை ஆசிரியர் கழுதைக் குட்டிகளுக்குப் பாடம் சொல்கின்றார். வேறொன்றில் கழுதை மருத்துவர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கின்றார். உழைக்கும் மனிதர் இருவர் தம் முதுகின்மேல் கழுதைகளைச் சுமந்து தள்ளாடும் படமும் உண்டு. பிறர் உழைப்பில் வாழ்வோரை ஏழைகள் தாங்கும் நிலையை அஃது உணர்த்துகின்றது. மரத்தின்மேல் அங்கியொன்று போர்த்தப்பட்டிருக்க, அதனைத் தெய்வம் என்று எண்ணி மக்கள் கைகூப்பித் தொழுகின்றனர். போர்வை போர்த்த உருவத்தைக் காட்டித் தாய் தன் குழந்தைகளை அச்சுறுத்துகின்றாள். செல்வத்தின் பொருட்டு விருப்பமில்லா முதியவனுக்கு இளம்பெண்ணைப் பெற்றோர் மணம் பேசுகின்றனர். பல் இழந்த மூதாட்டி கண்ணாடிமுன் அமர்ந்து தன்னை ஒப்பனை செய்து மகிழ்கின்றாள். இவற்றைக் காண்போர் முதலில் நகைப்பர். நகைத்தபின் தம்மையே நினைந்து நாணுவர்.

இத்தொகுதியின் 43-ஆம் படமே உலகெங்கும் அறியப்பட்டது. மேசையின்மேல் தலை கவிழ்த்து ஒருவர் உறங்குகின்றார். எழுதுகோல்கள் சோர்ந்து கிடக்கின்றன. அவருக்குப் பின்னே இருளினின்று ஆந்தைகளும் வௌவால்களும் கூட்டங்கூட்டமாக எழுந்து பறக்கின்றன. கீழே காட்டுப்பூனை ஒன்று கண்ணை அகல விழித்துப் படுத்திருக்கின்றது. பகுத்தறிவு உறங்கும்போது அரக்க உருவங்கள் தோன்றும் என்பதே மேசையின் முகப்பில் பொறித்துள்ள தொடரின் கருத்து. இப்படத்திற்கு அக்காலத்தில் எழுதப்பெற்ற விளக்கம் ஒன்றும் உண்டு. அறிவு கைவிட்ட கற்பனை பொய்யான பூதங்களைப் படைக்கும். அறிவோடு கூடிய கற்பனையோ கலைகளுக்கெல்லாம் தாயாகும் என்று அது கூறுகின்றது. கனவை வெறுத்து ஒதுக்குமாறு கோயா கூறவில்லை. கனவு காண்பவன் தன் அறிவையும் உடன்வைத்திருத்தல் வேண்டும் என்பதே அவர் உணர்த்திய உண்மை. அவர் வாழ்வு முழுவதும் இவ்வுண்மையைச் சுற்றியே அமைந்தது.

1799-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6-ஆம் நாள் மாட்ரிட் நாளிதழில் இத்தொகுதியின் விற்பனை அறிவிக்கப்பெற்றது. மனிதரின் பிழைகளைக் கண்டித்தல் கவிதைக்கும் சொற்பொழிவுக்கும் மட்டுமே உரியதன்று, ஓவியத்திற்கும் உரியதே என்றும், தனி ஒருவரையும் சுட்டி இப்படங்கள் வரையப்பெறவில்லை என்றும் அவ்வறிப்பு கூறியது. படங்களை விற்ற இடம் ஓவியக்கூடமன்று. வாசனைப் பொருள்களும் மதுவகைகளும் விற்கும் கடை. அக்கடை இருந்த தெருவின் பெயர் மயக்கம் தெளிதல் என்னும் பொருளுடையது. மக்களின் மயக்கத்தைத் தெளிவிக்க வந்த படங்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வாய்த்திருக்க இயலாது.

எனினும், விற்பனை நடைபெறவில்லை. தொகுதி ஒன்றின் விலை 320 ரெயால். 27 தொகுதிகளே விலைபோயின. விரைவில் அவை விற்பனையினின்று நீக்கப்பெற்றன. விசாரணை மன்றத்தின் பார்வையும் அவற்றின்மேல் படிந்தது. 1803-ஆம் ஆண்டில் கோயா தம் செப்புத் தகடுகளையும், விற்காத 240 தொகுதிகளையும் அரசருக்கே அளித்துவிட்டார். அதற்கு ஈடாக அவர் மகனுக்கு உதவித்தொகை வழங்கப்பெற்றது. அரசர் உடைமையாகிய பின் அத்தகடுகளை அழிக்கத் துணிவார் யார்? அறிவுடையோர் செயல் இத்தகையதே. தொகுதி வெளிவந்த 1799-ஆம் ஆண்டிலேயே கோயா முதல் அரசவை ஓவியராக உயர்த்தப்பெற்றார் என்பதும் வியப்புக்குரியது.

போரும் மனிதரும்

1808-ஆம் ஆண்டில் நெப்போலியனின் படைகள் ஸ்பெயினைக் கைப்பற்றின. மே மாதம் 2-ஆம் நாள் மாட்ரிட் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அன்றிரவும் மறுநாள் விடியலிலும் பிரெஞ்சுப் படைவீரர் பலரைச் சுட்டுக் கொன்றனர். ஆறாண்டுகள் போர் நீடித்தது. 1811, 1812 ஆகிய ஆண்டுகளில் மாட்ரிட்டில் கொடிய பஞ்சமும் உண்டாயிற்று. 1812-ஆம் ஆண்டில் கோயாவின் மனைவியார் இறந்தார்.

கோயாவின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. பிரெஞ்சுக்காரர் அமர்த்திய அரசரிடத்தும் அவர் பணிபுரிய நேர்ந்தது. அவ்வரசர் அளித்த விருதையும் ஏற்றார். போருக்குப் பின் அவர் நடத்தை ஆராயப்பெற்றுக் குற்றமற்றவர் என்று தீர்க்கப்பட்டது. ஆயினும், தனிமையில் அவர் கை செய்த வேலை வேறாக இருந்தது. போரின் கொடுமைகளைக் காட்டும் 82 செப்புத் தகடுகளை அவர் மறைவாகச் செதுக்கிவந்தார். அவற்றில் வெற்றி விழா இல்லை; கொடி இல்லை; முரசு இல்லை. இறந்து கிடக்கும் வீரர்களின்மேல் ஏறி நின்று பீரங்கிக்குத் தீயிடும் சரகோசா நகரத்துப் பெண் இருக்கின்றாள். குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடும் தாய் இருக்கின்றாள். அப்படத்தின்கீழ், இதனைத் தாமே கண்டதாகக் கோயா குறித்துள்ளார். பிரெஞ்சு வீரரின் கொடுமையை மட்டுமன்றித் தம் நாட்டு மக்கள் வெறிகொண்டு செய்த கொடுமையையும் அவர் மறைக்காமல் வரைந்தார். தம்மவர் பிழையையும் பிழை என்று காட்டுதற்கு மிகுந்த மனத்திண்மை வேண்டும். இப்படங்கள் அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், 1863-ஆம் ஆண்டில், கலைக்கழகம் அவற்றில் எண்பதனை வெளியிட்டது.

1814-ஆம் ஆண்டில் அவர் பெரிய ஓவியம் ஒன்றைத் தீட்டினார். 1808-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் நிகழ்ந்த கொலையை அது காட்டுகின்றது. தரையில் விளக்கு ஒன்று எரிகின்றது. வெண்சட்டை அணிந்த எளியவன் இரு கைகளையும் அகல விரித்து மண்டியிட்டிருக்கின்றான். எதிரே துப்பாக்கி ஏந்திய வீரர் வரிசை நிற்கின்றது. கொல்லப்படுவோரின் முகங்கள் அச்சமும் சினமும் வேண்டுதலுமாய் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகின்றன. கொல்வோரின் முகம் ஒன்றேனும் தெரியவில்லை. கட்டளைக்குப் பணிந்து கொலை செய்பவன் தன் முகத்தையே இழந்துவிடுகின்றான் என்று அவ்வோவியம் சொல்லாமற் சொல்லுகின்றது.

இருண்ட சுவர்கள்

1819-ஆம் ஆண்டில் கோயா, மாட்ரிட் நகரத்துக்கு வெளியே ஆற்றின் அக்கரையில் ஒரு வீட்டை வாங்கினார். முன்பு அவ்விடத்தில் காது கேளாதவர் ஒருவர் வாழ்ந்தமையால் அது செவிடர் வீடு என்று வழங்கியது. பெயர் புதிய உரிமையாளர்க்கும் பொருந்தியது. அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் கடும்நோய் வந்தது. அரியேத்தா என்னும் மருத்துவர் அன்போடு மருந்தளித்துக் காத்தார். நலம் பெற்ற கோயா, படுக்கையில் சோர்ந்து சாய்ந்திருக்கும் தம்மை மருத்துவர் தாங்கி மருந்து புகட்டும் காட்சியைத் தீட்டி, அதனை அவருக்கே நன்றிக் காணிக்கையாக வழங்கினார். மனிதரின் கொடுமைகளை அத்துணை வரைந்த கை, மனிதரின் அருளையும் அதே உண்மையோடு வரைந்தது.

பின்னர், அவ்வீட்டின் சுவர்களிலேயே பதினான்கு ஓவியங்களை அவர் தீட்டினார். கருமையும் பழுப்பும் மிகுந்த அவை கரிய ஓவியங்கள் என்று பிற்காலத்தாரால் பெயர் பெற்றன. எவரும் கேட்டு அவர் வரையவில்லை. எவருக்கும் காட்டவும் எண்ணவில்லை. தீய கனவுகளே சுவரில் வந்து படிந்தவை போன்று அவை தோன்றும். முழங்கால்வரை மண்ணில் புதைந்தவர்போல் நிற்கும் இருவர் தடிகொண்டு ஒருவரையொருவர் தாக்குகின்றனர். ஓட இயலாத நிலையிலும் பகையை விட இயலாத மனிதரின் நிலை இது. மற்றொன்றில், அகன்ற வெறுவெளியின் அடியில் நாய் ஒன்றின் தலை மட்டும் தெரிகின்றது. அது மேலே எதையோ நோக்குகின்றது. படத்தில் வேறு ஒன்றும் இல்லை. ஆயினும், தனிமையின் துயரத்தை அதனினும் ஆழமாகக் காட்டிய ஓவியம் அரிது.

சுவரோடு அழிந்திருக்க வேண்டிய இவ்வோவியங்கள் பிழைத்தது நற்பேறே ஆகும். பிற்காலத்தில் அவ்வீட்டை வாங்கிய எர்லாங்கர் என்னும் செல்வர், 1874-ஆம் ஆண்டு முதல் அவற்றைச் சுவரினின்று பெயர்த்துத் துணிக்கு மாற்றுவித்தார். 1878-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவை வைக்கப்பெற்றன. தனியொருவர் தம் வீட்டுச் சுவரில் கண்ட கனவுகளை உலகம் அன்றுதான் கண்டது. 1881-ஆம் ஆண்டில் அச்செல்வர் அவற்றை ஸ்பெயின் அரசுக்கு அளித்தார். இன்று அவை பிராடோ காட்சிச்சாலையில் உள்ளன. வீடு 1909-ஆம் ஆண்டில் இடிக்கப்பெற்றது.

ஓயாத கல்வி

ஸ்பெயினில் கொடுங்கோன்மை மிகுந்தது. உரிமை வேட்கை கொண்டோர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1824-ஆம் ஆண்டில், தம் எழுபத்தெட்டாம் வயதில், அரசரின் இசைவு பெற்றுக் கோயாவும் பிரான்சு நாட்டிற்குச் சென்று பொர்தோ நகரத்தில் தங்கினார். செவி கேளாது, பிரெஞ்சு மொழி தெரியாது, உடலும் தளர்ந்தது. ஆயினும், உலகைக் காணும் ஆவல் மட்டும் தளரவில்லை என்று அங்கிருந்த நண்பர் ஒருவர் கடிதத்தில் எழுதியுள்ளார்.

அங்கும் அவர் சும்மா இருந்தாரல்லர். யானைத் தந்தச் சில்லுகளில் ஏறத்தாழ நாற்பது சிற்றோவியங்களைப் புதிய முறையில் வரைந்தார். கல்லில் வரைந்து அச்சிடும் கலை அப்போது புதிதாகப் பரவிவந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடு அக்கலையையும் பழகி, 1825-ஆம் ஆண்டில் காளைப்போர்க் காட்சிகளை அச்சிட்டார். அக்காலத்து வரைபடம் ஒன்றில், நரைத்த தாடியுடைய கிழவர் இரண்டு கோல்களை ஊன்றித் தளர்நடை நடக்கின்றார். இன்னும் கற்றுக்கொண்டிருக்கின்றேன் என்னும் பொருளுடைய சொற்களைக் கோயா அதன்மேல் எழுதியுள்ளார். அக்கிழவர் யார் என்று விளக்கவும் வேண்டுமோ?

1828-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 16-ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதில், கோயா பொர்தோ நகரத்தில் இயற்கை எய்தினார். அவர்தம் உடலின் எச்சங்கள் பின்னர்த் தாய்நாட்டிற்குக் கொண்டுவரப்பெற்றன. 1798-ஆம் ஆண்டில் அவர் மேல்விதானத்தில் ஓவியம் தீட்டிய மாட்ரிட் நகரத்துச் சிறுகோயிலில், அவ்வோவியத்தின் கீழேயே, அவை அடக்கம் செய்யப்பெற்றுள்ளன.

கோயாவின் படங்கள் வாசனைப் பொருள் கடையில் வாங்குவாரின்றிக் கிடந்த காலம் சென்றது. பிரான்சு நாட்டு ஓவியர் தெலக்ருவா அப்படங்களைப் பார்த்து வரைந்து பயின்றார். மற்றோர் ஓவியராகிய மானே, மெக்சிகோ நாட்டில் மன்னர் ஒருவர் சுடப்பட்டு இறந்த காட்சியைத் தீட்டியபோது கோயாவின் மே மாத ஓவியத்தை வழிகாட்டியாகக் கொண்டார். உலகின் பல நாட்டு மக்கள் இன்று பிராடோ காட்சிச்சாலைக்கு வந்து, பட்டம் விடும் இளைஞரையும், கரிய சுவரோவியங்களையும் ஒரே கூரையின்கீழ்க் காண்கின்றனர். இரண்டும் ஒருவர் கைப்பட்டவை என்று அறிந்து வியக்கின்றனர்.

வாழ்வின் ஒளியை வரைந்தவர் இருளையும் வரைந்தார். பிறர் விரும்பியதைத் தந்து பொருள் பெற்றவர், பிறர் விரும்பாத உண்மையையும் தம் இழப்பில் எழுதி வைத்தார். கண்ணாடி நம் முகத்தில் உள்ள கறையைக் காட்டினால், கண்ணாடியைச் சினந்து பயனில்லை. கறையைத் துடைத்தலே அறிவுடைமை. கோயாவின் ஓவியங்கள் அத்தகைய கண்ணாடிகள். அறிவு விழித்திருக்கக் கனவு காண்போமாயின், அக்கனவு கலையாக மலரும். அறிவு உறங்கிவிடின், அதே கனவு பேயாக எழுந்து நம்மையே அலைக்கும். செவிப்புலன் இழந்த அப்பெருங்கலைஞர் வண்ணத்தாலும் கோட்டாலும் உலகிற்கு உணர்த்திச் சென்ற உண்மை இதுவே ஆகும்.